டெய்லரைக் காத்திருக்க வைக்காதீர்கள்

திருப்பூரில் பனியன் கம்பெனி முதலாளிகள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது: "ஆளுங்களைச் சந்தோஷமா வெச்சுக்கிட்டா புரொடக்‌ஷன் ஏறுமாங்க?" கேட்பவர் தீபாவளி போனஸ் பேசி முடித்த களைப்பில் இருப்பார், அல்லது பண்டிகைக்கு ஊருக்குப் போனவர்கள் திரும்பாமல் பாதி மெஷின் காலியாகக் கிடக்கும் கவலையில் இருப்பார். ஏறும் என்றுதான் சொல்வேன். அதோடு, சந்தோஷத்தை வெளியிலிருந்து வாங்கிவந்து லைனில் இறக்க முடியாது என்பதையும் சொல்வேன். வேலை தடையில்லாமல் நடந்ததா, செய்த வேலைக்குக் கணக்கு நேராக இருந்ததா, வாய் திறந்து சொன்னதை யாராவது காதில் வாங்கினார்களா? தொழிலாளியின் மனநிறைவு இந்த மூன்றிலும் இருக்கிறது. உற்பத்தியும் இதே மூன்றிலிருந்துதான் வருகிறது.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கைமடியாக உள்ளே வந்தவன் நான். டெய்லருக்குப் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பது, நூல் வெட்டுவது, எண்ணிக் கட்டி வைப்பது கைமடி வேலை. அப்புறம் ஓவர்லாக் டெய்லர், அப்புறம் லைன் சூப்பர்வைசர், அப்புறம் புரொடக்‌ஷன் மேனேஜர். மெஷினில் உட்கார்ந்தபோதும், மெஷினுக்குப் பின்னால் நின்றபோதும், ஆபீஸில் கணக்குப் பார்த்தபோதும் என் கண்ணில் பட்ட பிரச்சினை ஒன்றேதான். டெய்லர் காத்திருக்கிறார்.

ஒரு சாதாரண டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஓவர்லாக்கில் தோள் கூட்டுவார்கள். கழுத்துக்கு ரிப் பிடிப்பார்கள். பின்கழுத்துக்கு டேப் அடிப்பார்கள். கை ஏற்றி, பக்கவாட்டைக் கூட்டி, கடைசியில் பிளாட்லாக்கில் கையையும் அடியையும் மடித்து அடிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. அதை சாம் என்போம். எல்லாம் சேர்த்து எட்டு நிமிடம் என்று வையுங்கள். இருபது டெய்லர்களுக்கு எட்டு மணி நேரம் என்றால் 9,600 நிமிடம். 1,200 பீஸ் வர வேண்டும். 600தான் வந்தது என்றால் லைனின் எஃபிஷியன்சி 50 சதவீதம். மீதி 4,800 நிமிடம் எங்கே போனது?

ஆபீஸில் இருந்து பார்ப்பவருக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும். லைனுக்குள் நின்று ஒரு நாள் முழுக்க எழுதிப் பாருங்கள். பாடித் துணிக்கும் ரிப்புக்கும் ஷேடு ஒத்துவரவில்லை என்று கட்டிங்கிலேயே ஒரு மணி நேரம் போயிருக்கும். கழுத்துப் பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் லீவு. பிளாட்லாக்கில் தையல் விட்டுவிட்டு விழுகிறது, மெக்கானிக் வேறு மாடியில் இருக்கிறார். சைஸ் லேபிள் வரவில்லை. கலர் மாறுகிறது, நூல் மாற்ற வேண்டும், அந்தக் கலர் கோன் ஸ்டோரில் இல்லை. அந்த 4,800 நிமிடத்தில் பெரும்பங்கை டெய்லர் தின்னவில்லை. நிர்வாகம்தான் தின்றிருக்கிறது.

பீஸ் ரேட்டில் இருப்பவருக்குக் காத்திருப்பது நேராகக் கூலியில் கை வைப்பது. ஷிப்ட் சம்பளக்காரருக்கு என்ன வந்தது, உட்கார்ந்தாலும் சம்பளம்தானே என்று தோன்றும். லைனில் நடப்பது வேறு. பகலில் தொலைத்த நேரத்தை ராத்திரி பிடிக்கப் பார்ப்போம். ஷிப்மென்ட் தேதி தள்ளிப் போகாது. சாயங்காலம் ஐந்தரைக்கு முடிய வேண்டிய ஷிப்ட் ஒன்றரை ஷிப்ட் ஆகும். ஒரு பிளாட்லாக் டெய்லரம்மா என்னிடம் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "பகல்ல பீஸ் இல்லாம சும்மா உக்கார வெச்சுட்டு, இப்ப எட்டரை வரைக்கும் இருன்னா என்னங்கண்ணா நியாயம்? பையன் ட்யூஷன் முடிஞ்சு வந்து பூட்டுன வாசல்ல நிப்பான்." அந்தம்மாவுக்கு வேலை பிடிக்காமல் இல்லை. ஒழுங்காகப் பீஸ் வந்திருந்தால் அதே எண்ணிக்கையைப் பகலிலேயே அடித்துவிட்டு, தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போயிருப்பார். வேலை தெரிந்த கைக்கு, வேலை கொடுக்காமல் உட்கார வைப்பது ஒரு அவமதிப்பு. இதை நான் மெஷினில் உட்கார்ந்த நாட்களிலேயே உணர்ந்திருக்கிறேன்.

அதனால் லைன் என் பொறுப்பில் வந்ததும் நான் தொட்டது முந்தைய நாள் சாயங்காலத்தை. மறுநாள் ஓட வேண்டிய பாடி, ரிப், டேப், லேபிள், நூல் எல்லாம் லைன் தலைப்பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே வீட்டுக்குப் போவது. ஏதாவது ஒன்று வராது என்று தெரிந்தால் வேறு ஸ்டைலை லோடு பண்ணத் தயாராக வைப்பது. மெக்கானிக் லைன் ஓரத்திலேயே நிற்பது. அடுத்து, கழுத்து. கை ஏற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்குக் கழுத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தோம்; கற்றுத் தேறியதும் அவர்களுக்கு ரேட்டையும் கூட்டினோம். கழுத்துக்காரர் லீவு போட்டாலும் லைன் நிற்கவில்லை. அவரும் நிம்மதியாக லீவு கேட்க முடிந்தது. வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமைகளில் விழும் சிவப்பு மை மெல்லக் குறைந்தது. பரிசு, பேச்சு, போஸ்டர் எதுவும் நாங்கள் வைக்கவில்லை.

இதற்கு ஆதாரம் என் அனுபவம் மட்டும் இல்லை. மும்பைக்கு அருகே பெரிய பருத்தித் துணி ஆலைகளில் ஸ்டான்ஃபோர்டின் நிக்கோலஸ் புளூமும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனை 2013-இல் வெளியானது. சில ஆலைகளில் மட்டும் ஆலோசகர்களை மாதக்கணக்கில் வேலை செய்ய வைத்தார்கள். மெஷின் பராமரிப்பு, குறைகளைப் பதிவு செய்தல், ஸ்டோரை ஒழுங்குபடுத்தல், தினசரி கூடிப் பேசுதல் என்று அடிப்படையான விஷயங்களையே அவர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் கூடியது. தொழிலாளியிடம் இன்னும் வேகமாக ஓடு என்று யாரும் சொல்லவில்லை. அவர் பாதையில் கிடந்ததை எடுத்துப் போட்டார்கள்.

இரண்டாவது விஷயம் கணக்கு. சனிக்கிழமை சம்பளம் வாங்கும் ஊர் இது. பீஸ் ரேட் டெய்லர் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். எந்த ஸ்டைல், எத்தனை பீஸ் என்று தன் கையால் எழுதியிருப்பார். அந்த நோட்டும் ஆபீஸ் கணக்கும் ஒத்துப்போகாத சனிக்கிழமைக்குப் பிறகு வரும் திங்கட்கிழமையில் எந்த சூப்பர்வைசராலும் வேலை வாங்க முடியாது. இன்னொரு பழைய வியாதி, ரேட் பேசாமல் வேலையை இறக்குவது. "முதல்ல தைங்க, ரேட் அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொன்ன லைனில் ஆளுக்கு ஒரு கண் மெஷினில், ஒரு கண் ஆபீஸ் கதவில். நான் வேலை செய்த இடங்களில் புது ஸ்டைல் ஏறும் முன்னாலேயே ரேட்டை எழுதி ஒட்டச் சொல்வேன். தினம் மாலை எண்ணிக்கையைச் சொல்லி, டெய்லரின் நோட்டோடு ஒத்துப் பார்த்துவிடுவோம். சனிக்கிழமை வரும்போது சண்டைக்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதும் வேலையைத் தொடும். ஒடிசாவில் சுப்ரீத் கவுர், செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட பொருளியலாளர்கள், இலைத்தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மொத்தக் கூலி எல்லோருக்கும் ஒன்றுதான். சிலருக்கு மட்டும் அதில் ஒரு பகுதியை முன்கூட்டியே கொடுத்தார்கள். பணம் வாங்கியவர்கள் உடனே கடனை அடைத்தார்கள், வீட்டுக்கு வேண்டியதை வாங்கினார்கள். அதன் பிறகு அவர்கள் தைத்த தட்டுகள் கூடின. கவனக்குறைவால் வரும் பிழைகள் குறைந்தன. கைமுட்டுப்பாடு அதிகம் இருந்தவர்களிடம் இந்த மாற்றம் பெரிதாக இருந்தது. இதைப் படித்தபோது எனக்கு வாடகை நாள் நெருங்கும் வாரங்கள் நினைவுக்கு வந்தன. அந்த வாரங்களில் பிரித்துத் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸ் கூடும். கை மெஷினில் இருக்கும், மனசு வட்டிக்காரரிடம் இருக்கும். அவசரத்துக்கு அட்வான்ஸ் கேட்டு வருகிறவரை மூன்று பேரிடம் அலைய விடாமல் அன்றே முடித்துக் கொடுப்பது தர்மமும் ஆகும், தரமும் ஆகும்.

சம்பளத்தில் ஏற்றத்தாழ்வு இருந்தால் வேலை கெட்டுவிடுமா? அதற்கும் ஒடிசாவிலேயே பதில் உண்டு. எமிலி பிரேசா, சுப்ரீத் கவுர், யோகிதா ஷாம்தாசானி மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே வேலை செய்யும் குழுவுக்குள் ஆளுக்கு ஒரு சம்பளம் கொடுத்துப் பார்த்தார்கள். யார் எவ்வளவு செய்கிறார் என்று கண்ணால் பார்க்க முடியாத இடங்களில், குறைவாக வாங்கியவர்களின் உற்பத்தி சரிந்தது; வேலைக்கு வருவதே 18 சதவீதப் புள்ளி குறைந்தது. அதிகம் வாங்குபவர் அதிகம் செய்கிறார் என்று எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்த இடங்களில் அப்படி ஒரு பாதிப்பே இல்லை. எங்கள் லைன்காரர்களுக்கு இது புதுச் செய்தியாக இருக்காது. வேகமான ஓவர்லாக் டெய்லர் இரண்டு மடங்கு சம்பாதித்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். "அவுங்க கை அப்படிங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். அதே நேரம், மேனேஜருக்கு வேண்டியவர் என்பதற்காக ஒருவருக்குப் பத்து ரூபாய் கூடப் போட்டால், அந்தப் பத்து ரூபாய் முழு லைனின் வேகத்தையும் குறைத்துவிடும்.

இந்த ஊரின் சரித்திரமே கணக்குக்காக நடந்த போராட்டம்தான். 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்த் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விலைவாசி ஏறும்போது கூலியும் ஏற வேண்டும், அதற்கு ஒரு எழுதப்பட்ட கணக்கு வேண்டும் என்பதே கோரிக்கையின் சாரம். சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் உட்கார்ந்து பேசிப் போடும் சம்பள ஒப்பந்தத்தைச் சில முதலாளிகள் பாரமாக நினைக்கிறார்கள். நான் அதை ஒரு வசதியாகப் பார்க்கிறேன். ஆண்டுக்கு எவ்வளவு ஏறும் என்று இரண்டு பக்கமும் தெரிந்துவிட்டால், மீதி நாட்களில் வேலையைப் பற்றிப் பேசலாம்.

மூன்றாவது, காது. பெங்களூரு ஆயத்த ஆடை ஆலைகளில் அச்சுத அத்வர்யுவும் சக ஆய்வாளர்களும் செய்த ஒரு சோதனையைச் சொல்ல வேண்டும். எதிர்பார்த்ததை விடக் குறைவாகச் சம்பள உயர்வு வந்திருந்த நேரம். தொழிலாளர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் வேலை, சூப்பர்வைசர், சம்பளம் பற்றிய கருத்தைப் பெயர் வெளிவராதபடி கேட்டார்கள். சம்பளத்தைக் கூட்டவில்லை; கேட்டார்கள், அவ்வளவுதான். கேட்கப்பட்டவர்களில் வேலையை விட்டு விலகியவர்கள் மற்றவர்களை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஒரு பழகிய டெய்லர் போய்விட்டால் அந்த மெஷினில் புதிய கை தேறுவதற்குள் எத்தனை பீஸ் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

கேட்பதற்கு முன்னால் ஏசுவதை நிறுத்த வேண்டும். லைனில் கத்தினால்தான் வேலை நடக்கும் என்று நம்புகிற சூப்பர்வைசர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் அந்தச் சத்தத்துக்குக் கீழே உட்கார்ந்து தைத்தவன். கத்தியதும் கை வேகமாகும், உண்மைதான். அந்த வேகத்தில் அடித்த தையலை மறுநாள் செக்கிங் டேபிளில் பிரித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் நிறைந்த தொழில் இது. அவர்கள் முகத்துக்கு நேராகப் பேசப்படும் வசவு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாமல் ஆட்களை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. சத்தத்தை விடக் கொடியவையும் நடந்திருக்கின்றன. திண்டுக்கல் பக்கத்து ஆலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம் போராடி, 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரிய வெளிநாட்டு பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட்டன. தொழிலாளர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, ஆலைக்குள் நடக்கும் தொந்தரவுகளைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை அது கொடுத்தது. பயமில்லாமல் வாய் திறக்கும் வழி இருக்கும் இடத்தில்தான் மற்ற எல்லாப் பேச்சுக்கும் அர்த்தம் உண்டு.

இப்போது லைன்களில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்குக் காது கொடுக்க முதலில் பாஷை வேண்டும். அவர்களில் ஒருவரையே லைன் லீடராக உயர்த்திய யூனிட்டுகளில் வேலை எப்படி மாறியது என்று பார்த்திருக்கிறேன். ஊசி உடைந்தால் சொல்வதற்கே தயங்கி, மொக்கை ஊசியில் தைத்துத் துணியில் ஓட்டை விழவைத்த பையன், தன் பாஷையில் சொல்ல ஆள் கிடைத்ததும் உடனே எழுந்து வந்து சொல்கிறான். டேமேஜ் குறைகிறது.

உடம்பையும் சொல்லாமல் விடக் கூடாது. ஏப்ரல், மே மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே மதியம் இரண்டு மணிக்கு மேல் எந்த ஊக்கமும் எடுபடாது. அதே அத்வர்யுவும் சக ஆய்வாளர்களும், டியூப் லைட்டுகளை எடுத்துவிட்டு எல்இடி விளக்குகள் போட்ட ஆலைகளைக் கவனித்தார்கள். கரண்டை மிச்சப்படுத்தும் விளக்குகள் அவை; விளக்குச் சூடு குறைந்ததால், வெயில் நாட்களில் விழும் உற்பத்திச் சரிவும் பெருமளவு குறைந்துபோனது. நின்றே வேலை செய்பவர்கள் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. ஆனாலும் செக்கிங் அக்காக்கள் நாள் முழுக்க நின்றுகொண்டிருப்பதை எத்தனை கம்பெனிகளில் பார்க்கிறோம்! ஸ்டூல் போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று ஒரு பயம். நான் போடச் சொன்ன இடங்களில் யாரும் தூங்கவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் தவறவிட்ட ஓட்டைகளும் கறைகளும்தான் குறைந்தன. சுத்தமான கழிப்பறையும் குடிதண்ணீரும் இல்லாத இடத்தில் பெண்கள் தண்ணீர் குடிக்காமலே இருந்து வேலை செய்கிறார்கள். தலைவலியோடு தைக்கும் கையிடம் வேகம் கேட்பது கொடுமை.

மனநிறைவு உற்பத்தியைக் கூட்டுமா என்ற விவாதத்துக்கு நூறு வயதாகிறது. சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த சோதனைகளில் அது சூடு பிடித்தது. டெலிபோன் ரிலே பூட்டும் ஐந்து பெண்களைத் தனி அறையில் உட்கார வைத்து, இடைவேளை கொடுத்தார்கள், நேரத்தைக் குறைத்தார்கள், உற்பத்தி ஏறியது. அவர்கள்மேல் அக்கறை காட்டியதால்தான் ஏறியது என்று எல்டன் மேயோ போன்ற ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் உலகம் முழுக்கப் பரவியது. அந்தக் கதையில் அதிகம் பேசப்படாத விவரங்கள்தான் எனக்கு முக்கியமாகத் தெரிகின்றன. அந்த அறையில் ஆறாவதாக ஒரு பெண் இருந்தார். ஐந்து பேருக்கும் உதிரிபாகங்களைத் தட்டுப்பாடில்லாமல் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. எங்கள் பாஷையில் அவர் கைமடி. அதோடு, பெரிய டிபார்ட்மென்ட்டின் மொத்த உற்பத்தியை வைத்துக் கணக்கிட்ட கூலியை, அந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியை வைத்தே கணக்கிடத் தொடங்கினார்கள். காத்திருப்பு போனது, கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. அக்கறை இந்த இரண்டின் வழியாகத்தான் கைக்கு வந்து சேர்ந்தது என்று நான் நம்புகிறேன்.

2001-இல் திமோத்தி ஜட்ஜும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த 312 மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வேலைத் திருப்திக்கும் வேலைத்திறனுக்கும் இடையிலான தொடர்பு 0.30 என்று வந்தது. ஒன்று என்றால் முழுத் தொடர்பு. பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை. நடுத்தரமான, ஆனால் நிஜமான தொடர்பு. திருப்தி வேலையைக் கூட்டுகிறதா, வேலை நன்றாக நடந்ததால் திருப்தி வருகிறதா என்று அந்த எண் சொல்லாது. லைனில் நிற்பவன் என்ற முறையில் நான் சொல்கிறேன்: இரண்டும் சேர்ந்தே வருகின்றன, ஒன்றை ஒன்று வளர்க்கின்றன. மதியத்துக்குள் டார்கெட்டில் பாதியைத் தாண்டிய லைனில் பேச்சும் சிரிப்பும் தானாக வரும். அந்தச் சிரிப்பே மீதிப் பாதியையும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆயுத பூஜைக்குப் பொரி, சுண்டல், சேலை. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ். மாதம் ஒருவருக்குச் சிறந்த தொழிலாளி பரிசு. இவையெல்லாம் வேண்டும், கொண்டாட்டம் இல்லாத தொழிற்சாலை வறண்டுவிடும். ஆனால் ரிப் வராமல் இரண்டு மணி நேரம் உட்கார வைத்த கோபத்தை எந்த ஸ்வீட் பாக்ஸும் ஆற்றாது.

புதிதாக சூப்பர்வைசர் ஆகும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் நான் கொடுக்கும் வேலை இது. ஒரு நோட்டு வாங்குங்கள். உங்கள் லைனில் யார், எப்போது, எதற்காகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு வாரம் எழுதுங்கள். யாருடைய பேரையும் குற்றமாக எழுதாதீர்கள். எது வரவில்லை என்று மட்டும் எழுதுங்கள். வாரக் கடைசியில் அதிகம் வந்த மூன்று காரணங்களை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போங்கள். ஒன்றையாவது சரிசெய்து முடித்ததும், லைனுக்கு வந்து, "நீங்க சொன்னது நடந்துருச்சுங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். அடுத்த வாரம் நீங்கள் கேட்காமலே நான்கு பேர் வந்து இன்னும் நான்கு குறைகளைச் சொல்வார்கள். அதைத் தொல்லையாக நினைக்காதீர்கள். தன் வேலை நன்றாக நடக்க வேண்டும் என்று விரும்புகிறவர்தான் குறை சொல்வார். அந்த விருப்பம் லைனில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் குறுக்கே நிற்பதை எடுத்துப் போடுவதற்குத்தான் நமக்குச் சம்பளம்.